சமநிலை அணி அமைத்தல்: ஆறு இடங்களும் ஒரு வெற்றி வழியும்

போக்கிமான் போட்டிகளில் அணிகள் பொதுவாக மூன்று பாணிகளில் அமைகின்றன. ஆறு உறுப்பினரும் தாக்குவதற்கென்றே நின்று, எதிராளி மூச்சுவிடும் முன் ஆட்டத்தை முடிக்க முயல்வது அதிதாக்குதல் அணி. ஆறு பேரும் தாங்கி நின்று, விஷத்தாலும் கண்ணிகளாலும் எதிராளியைக் கரைப்பது முழுத் தற்காப்பு அணி. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது சமநிலை அணி. அது தாங்க வேண்டியதைத் தாங்கி, எதிராளியின் காவலைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, வேளை வரும்போது ஓர் உறுப்பினரை விட்டு ஆட்டத்தை முடிக்கிறது.

எல்லாவற்றிலும் கொஞ்சம் சேர்த்துவிட்டால் சமநிலை வந்துவிடும் என்று நினைப்பது புதியவர்களிடம் பரவலாகக் காணப்படும் தவறு. இரண்டு தாக்குபவர், இரண்டு தாங்குபவர், இரண்டு உதவியாளர் என்று எண்ணிக்கையில் பிரித்தாலும், அவர்கள் ஒருவருக்கொருவர் பயன்படாவிட்டால் அந்த அணி ஆறு துண்டுகளாகவே நிற்கும். ஒருவரின் பலவீனத்தை இன்னொருவர் சுமப்பதும், அந்தச் சுமை முழுவதும் ஒரே வெற்றி வழியை நோக்கிப் போவதும்தான் சமநிலையின் இலக்கணம். இந்த அத்தியாயம் அத்தகைய அணி ஒன்றை முதல் இடத்திலிருந்து ஆறாம் இடம் வரை படிப்படியாகக் கட்டிக் காட்டுகிறது.

எடுத்துக்காட்டுக்குக் கொள்ளப்படுவது ஆறாம் தலைமுறை. 2013இல் எக்ஸ், ஒய் விளையாட்டுகளோடு அது தொடங்கியது. 2014இல் ஒமேகா ரூபி, ஆல்ஃபா சஃபயர் வந்தன. தேவதை வகை சேர்ந்து வகைகள் 18 ஆனதும், மெகா உருமாற்றம் அறிமுகமானதும் இந்தத் தலைமுறையில்தான். ஆட்ட முறை, ஸ்மோகன் சமூகம் வகுத்த ஓயூ பிரிவின் ஒற்றைப் போட்டி: இரு தரப்பிலும் ஆறு பேர், எல்லோரும் 100ஆம் நிலை, களத்தில் ஒரு நேரத்தில் ஒருவருக்கு எதிராக ஒருவர்.

அணிக்கு முன் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு

ஒவ்வொரு போக்கிமானுக்கும் ஆறு அளவைகள் உண்டு: உயிர், தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம். 2006இல் வந்த நான்காம் தலைமுறையிலிருந்து அடிக்கும் ஒவ்வொரு மூவும் தனித்தனியாக உடல்வகை என்றோ சிறப்புவகை என்றோ பிரிக்கப்பட்டிருக்கிறது. உடல்வகை மூவ் தாக்குதலால் அடித்துத் தற்காப்பைச் சோதிக்கும். சிறப்புவகை மூவ் சிறப்புத் தாக்குதலால் அடித்துச் சிறப்புத் தற்காப்பைச் சோதிக்கும். ஒரே பக்கத்தை மட்டும் தாங்கத் தெரிந்த அணி மறுபக்கத்துத் தாக்குபவர் ஒருவர் வந்தாலே சரிந்துவிடும்.

வகைப் பொருத்தம் அடியின் அளவை இரட்டிக்கும், பாதியாக்கும், அல்லது முழுதாக இல்லாமல் செய்யும். இரு வகைகள் கொண்ட போக்கிமானுக்கு இரண்டும் பெருக்கப்படுவதால், பலவீனம் நான்கு மடங்கு வரை போகலாம். தன் வகையிலேயே மூவ் போட்டால் அடி 1.5 மடங்கு ஆகும்.

பயிற்சியால் வரும் ஈவி புள்ளிகள் ஒரு போக்கிமானுக்கு மொத்தம் 510; ஓர் அளவையில் அதிகபட்சம் 252. நான்கு ஈவி சேர்ந்தால் 100ஆம் நிலையில் ஒரு புள்ளி கூடும். நேச்சர் 25 உண்டு. அவற்றில் ஐந்து எதையும் மாற்றாதவை. மற்றவை ஓர் அளவையை 10 விழுக்காடு கூட்டி இன்னொன்றை 10 விழுக்காடு குறைப்பவை. கையில் வைக்கும் பொருள் ஒன்றே ஒன்று. ‘சாய்ஸ் ஸ்கார்ஃப்’ வேகத்தை 1.5 மடங்காக்கி ஒரே மூவில் கட்டிப்போடும். ‘லைஃப் ஆர்ப்’ அடியை 1.3 மடங்காக்கி, அடிக்கும் ஒவ்வொரு முறையும் உயிரில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ‘லெஃப்ட்ஓவர்ஸ்’ சுற்றுக்குச் சுற்று உயிரில் பதினாறில் ஒரு பங்கைத் திருப்பித் தரும்.

பொறுப்புகள்

சமநிலை அணி நிறைவேற்ற வேண்டிய பொறுப்புகள் பின்வருமாறு:

• வெற்றி வழி: எதிரணி தளர்ந்ததும் வந்து ஆட்டத்தை முடிப்பவர்.
• உடல்வகைச் சுவர்: தாக்குதல் மிகுந்தவர்களுக்கு முன் வந்து நிற்பவர்.
• சிறப்புவகைச் சுவர்: சிறப்புத் தாக்குதல் மிகுந்தவர்களைத் தாங்குபவர்.
• கண்ணி வைப்பவர்: ஸ்டெல்த் ராக் போன்றவற்றை எதிர்த் தரையில் பரப்புபவர்.
• கண்ணி அகற்றுபவர்: தன் பக்கத்துத் தரையைச் சுத்தமாக வைப்பவர்.
• திருப்புபவர்: அடித்துவிட்டு இடம் மாறும் மூவால் சரியான ஆளைப் பத்திரமாகக் களத்துக்குக் கொண்டுவருபவர்.
• வேகக் காவல்: பலம் கூட்டிக்கொண்டு பாய வரும் எதிராளியை முந்தி அடிப்பவர்.

பொறுப்புகள் ஏழு, இடங்கள் ஆறு. ஆகவே ஒருவர் இரண்டு வேலை பார்த்தே ஆக வேண்டும். ஒரு வேலைகூடத் தெளிவாக இல்லாத உறுப்பினர், தனியாக எவ்வளவு வலுவானவராக இருந்தாலும், அணிக்குப் பாரம்.

வலுவைவிடப் பொறுப்பே பெரிது என்பதற்கு 2014ஆம் ஆண்டு உலகச் சாம்பியன் போட்டி நல்ல சான்று. வாஷிங்டன் நகரில் நடந்த அந்த இரட்டைப் போட்டியில் தென்கொரியாவின் சே ஜுன் பார்க் பட்டம் வென்றபோது, அவர் அணியில் பச்சிரிசு என்னும் சிறிய அணில் இருந்தது. அதன் அடிப்படை அளவைகளின் கூட்டுத்தொகை 405 மட்டுமே. அதே அணியிலிருந்த கார்சோம்புக்கு 600. ஆனால் பச்சிரிசுவின் ‘ஃபாலோ மீ’ மூவ் எதிராளிகளின் அடிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ‘வோல்ட் அப்சார்ப்’ தனித்திறன் மின்சார அடியை உயிராக மாற்றிக்கொள்ளும். மின்சாரத்துக்கு அஞ்சும் கயராடோஸ் அதன் அருகில் நின்று அச்சமின்றித் தன் வேலையைச் செய்தது. பச்சிரிசு தனியே வென்றதில்லை. வெல்ல வேண்டியவருக்கு வழி விட்டது.

முதல் இடம்: வெற்றி வழி

அணியைச் சுவரிலிருந்து தொடங்கக் கூடாது. ஆட்டம் எப்படி முடியப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்தால்தான், மற்ற ஐந்து பேரும் எதற்காக உழைக்கிறார்கள் என்பது விளங்கும். இந்த எடுத்துக்காட்டில் வெற்றி வழி மெகா சாரிஸார்டு எக்ஸ்.

சாரிஸார்டு நெருப்பும் பறத்தலும் சேர்ந்த வகை. மெகா எக்ஸ் ஆனதும் அது நெருப்பும் டிராகனும் ஆகிறது. அப்போது கிடைக்கும் ‘டஃப் க்ளாஸ்’ தனித்திறன், உடல் தொட்டு அடிக்கும் மூவ்களுக்குச் சுமார் 30 விழுக்காடு வலு கூட்டும். மூவ்கள் நான்கு: ‘டிராகன் டான்ஸ்’ தாக்குதலையும் வேகத்தையும் ஒவ்வொரு படி உயர்த்தும், ‘ஃப்ளேர் ப்ளிட்ஸ்’, ‘டிராகன் க்ளா’ இரண்டும் அடிப்பதற்கு, ‘ரூஸ்ட்’ பாதி உயிரை மீட்பதற்கு.

வெற்றி வழியைத் தேர்ந்த உடனே எழுத வேண்டியது இரண்டு பட்டியல்கள். முதலாவது, அதைத் தடுப்பவர் யார் யார் என்பது. தேரியன் வடிவ லாண்டரஸ் வந்த உடனேயே ‘இன்டிமிடேட்’ தனித்திறனால் தாக்குதலை ஒரு படி இறக்கிவிடும். ஹிப்பௌடன் தடித்த தற்காப்போடு அடியை வாங்கிக்கொள்ளும். ஹீட்ரான் ‘ஃப்ளாஷ் ஃபயர்’ தனித்திறனால் நெருப்பை விழுங்கும். அதன் எஃகு உடல் டிராகன் அடியைப் பாதியாக்கும்.

இரண்டாவது, அதற்கு என்ன தேவை என்பது. சாரிஸார்டுக்குத் தரை சுத்தமாக இருக்க வேண்டும். எதிராளி ஸ்டெல்த் ராக் வைத்திருந்தால், பாறைக்கு நான்கு மடங்கு பலவீனமான சாரிஸார்டு களத்தில் கால் வைத்த கணமே பாதி உயிரை இழக்கும். மெகா ஆன பிறகும் பாறைக்கு இரட்டைப் பலவீனம் இருப்பதால் இழப்பு கால்பங்கு. நிலம், பாறை, டிராகன் ஆகிய மூன்று பலவீனங்களையும் பிறர் சுமக்க வேண்டும். மற்ற ஐந்து இடங்களும் இந்த இரண்டு பட்டியல்களிலிருந்தே பிறக்கின்றன.

இரண்டாம், மூன்றாம் இடங்கள்: அணியின் கரு

ஒருவர் பலவீனத்தை மற்றவர் மாறி மாறித் தாங்கும் இரண்டு அல்லது மூன்று பேரின் கூட்டே கரு. நெருப்பு, நீர், புல் என்ற மூவர் கூட்டும், டிராகன், எஃகு, தேவதை என்ற மூவர் கூட்டும் பலராலும் பயன்படுத்தப்படுபவை. ஆயினும் பெயர் பெற்ற கூட்டை அப்படியே எடுப்பதைவிட, வெற்றி வழிக்குப் பொருந்தும் கூட்டைத் தேடுவதே முறை.

சாரிஸார்டுக்குப் பொருந்தும் முதல் துணை ஸ்கார்மரி. எஃகும் பறத்தலும் சேர்ந்த இந்தப் பறவைக்கு நிலத்தின் அடி படவே படாது. டிராகன் அடி பாதிதான். ஸ்கார்மரியின் பலவீனங்கள் நெருப்பும் மின்சாரமும். அவை இரண்டையும் மெகா சாரிஸார்டு எக்ஸ் குறைத்து வாங்கும்: நெருப்பு கால்பங்கு, மின்சாரம் பாதி. அடிப்படைத் தற்காப்பு 140 என்பதால் உடல்வகைச் சுவராகவும் அது நிற்கும். ‘டிஃபாக்’ மூவால் கண்ணிகளை அகற்றும். ‘விர்ல்விண்ட்’ மூவால், பலம் கூட்டிக்கொண்டிருக்கும் எதிராளியைக் களத்திலிருந்து வெளியே தள்ளும். ‘ரூஸ்ட்’ இருப்பதால் ஆட்டம் நீண்டாலும் தளராது.

மூன்றாமவர் வாஷ் ரோட்டம். மின்சாரமும் நீரும் சேர்ந்த வகை. ‘லெவிடேட்’ தனித்திறனால் நிலத்து அடி படாது. எஞ்சும் பலவீனம் புல் ஒன்றே. சாரிஸார்டும் ஸ்கார்மரியும் புல்லைக் கால்பங்காகவே வாங்குவதால் அந்த ஓட்டையும் அடைபடுகிறது. ரோட்டத்தின் ‘ஹைட்ரோ பம்ப்’ லாண்டரஸ், ஹிப்பௌடன், ஹீட்ரான் மூவரையும் இரு மடங்காகத் தாக்கும். அதாவது சாரிஸார்டைத் தடுப்போர் பட்டியல் முழுவதும் ரோட்டத்துக்கு இரை. ‘வில்-ஓ-விஸ்ப்’ எதிராளிக்குத் தீக்காயம் தந்து உடல்வகை அடியைப் பாதியாக்கும். ‘வோல்ட் ஸ்விட்ச்’ அடித்துவிட்டு இடம் மாற உதவும். எனவே அணியின் திருப்புபவரும் இவரே. நிலவகை எதிராளிக்கு மின்சாரம் படாது என்பதால் அவர்கள் முன் வோல்ட் ஸ்விட்ச் பலிக்காது. அப்போது ஹைட்ரோ பம்பையே நம்ப வேண்டும். அதன் துல்லியம் 80 விழுக்காடு மட்டுமே என்பதை ஆட்டத் திட்டத்தில் எப்போதும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நான்காம் இடம்: கண்ணி வைப்பவர்

சமநிலை அணி ஒரே அடியில் வெல்வதில்லை. எதிராளியின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சிறு விலை வசூலித்து வெல்கிறது. அந்த வசூலைச் செய்வது ஸ்டெல்த் ராக். பாறைக்கு இயல்பாக இருப்பவர் உள்ளே வரும்போது உயிரில் 12.5 விழுக்காடு போகும்; இரட்டைப் பலவீனமானவருக்கு 25; நான்கு மடங்கு பலவீனமானவருக்கு 50. தாங்கும் வகையினருக்கு 6.25 அல்லது அதற்கும் கீழே.

இந்த வேலைக்குக் கார்சோம்ப் பொருத்தமானவர். டிராகனும் நிலமும் சேர்ந்த அவருக்கு மின்சாரம் படாது. நெருப்பையும் பாறையையும் பாதியாக வாங்குவார். பாறையைத் தாங்கும் ஆள் இதுவரை அணியில் இல்லை. அந்தக் குறை இப்போது தீர்கிறது. அவரது ‘எர்த்க்வேக்’ ஹீட்ரானை நான்கு மடங்காகத் தாக்கும். ‘ரஃப் ஸ்கின்’ தனித்திறன், தொட்டு அடிப்பவரின் உயிரில் எட்டில் ஒரு பங்கை எடுக்கும். கையில் ‘ராக்கி ஹெல்மெட்’ இருந்தால் ஆறில் ஒரு பங்கு கூடுதலாகப் போகும்.

இங்கே ஒரு முரண் எழுகிறது. ஆறாம் தலைமுறையிலிருந்து டிஃபாக் இரு பக்கத்துக் கண்ணிகளையும் அகற்றும். ஸ்கார்மரி தன் பக்கத்தைத் துடைக்கும்போது கார்சோம்ப் வைத்த பாறைகளும் போய்விடும். இதற்குத் தீர்வு வரிசைமுறை. ஆட்டத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் சாரிஸார்டை உள்ளே கொண்டுவராமல், இரு பக்கமும் கண்ணியோடு ஆடலாம். அதனால் அதிகம் நலிவது அடிக்கடி இடம் மாறும் எதிராளிதான். சாரிஸார்டு வர வேண்டிய வேளை நெருங்கும்போது டிஃபாக் போடப்படும்.

டிஃபாக் போடும்போது எதிரணியில் பிஷார்ப் இருந்தால் எச்சரிக்கை தேவை. அதன் ‘டிஃபையன்ட்’ தனித்திறன், யாரேனும் அதன் அளவையை இறக்கினால் தாக்குதலை இரண்டு படி உயர்த்தும். டிஃபாக்கும் அதைத் தூண்டிவிடும். பிஷார்ப் உள்ளே வர வாய்ப்புள்ள சுற்றில் டிஃபாக்கைத் தவிர்த்து, அது வந்த பின் கார்சோம்பின் எர்த்க்வேக்கால் பதில் சொல்வதே சரி.

ஐந்தாம் இடம்: சிறப்புவகைச் சுவர்

இதுவரை சேர்ந்த நால்வரில் சாரிஸார்டும் கார்சோம்பும் டிராகனுக்குப் பலவீனமானவர்கள். ஸ்கார்மரி டிராகனைப் பாதியாக வாங்கினாலும், அதன் அடிப்படைச் சிறப்புத் தற்காப்பு 70 மட்டுமே. லாட்டியோஸ் போன்றவரின் ‘டிராகோ மீட்டியர்’ முன் அது நீண்ட நேரம் நிற்காது. ஆகவே ஐந்தாமவர் டிராகன் அடியே படாத தேவதையாக இருப்பது நல்லது.

அந்த இடம் கிளெஃபேபிளுக்கு உரியது. அதன் ‘மேஜிக் கார்டு’ தனித்திறன் நேரடி அடியைத் தவிர வேறெந்த இழப்பையும் உடலில் ஏறவிடாது: ஸ்டெல்த் ராக் இல்லை, விஷம் இல்லை, தீக்காயத்தின் வலி இல்லை. விஷம் வைத்துக் காத்திருக்கும் தற்காப்பு அணிகளுக்கு முன் இது பெரும் பலம். ‘மூன்பிளாஸ்ட்’ அடிப்பதற்கு; ‘காம் மைண்ட்’ சிறப்பு அளவைகள் இரண்டையும் உயர்த்துவதற்கு; ‘மூன்லைட்’ உயிர் மீட்பதற்கு. காம் மைண்ட் இருப்பதால் கிளெஃபேபிள் அணியின் இரண்டாம் வெற்றி வழியாகவும் ஆகிறது. சாரிஸார்டை முன்கூட்டியே இழந்துவிட்டாலும் ஆட்டம் கைவிட்டுப் போகாது. சமநிலை அணிக்கு இரண்டாம் வழி ஒன்று இருப்பது ஆடம்பரம் அன்று, கட்டாயம்.

கிளெஃபேபிளின் பலவீனங்கள் எஃகும் விஷமும். எஃகை சாரிஸார்டு, ஸ்கார்மரி, ரோட்டம் மூவரும் தாங்குவர். விஷம் ஸ்கார்மரிக்குப் படாது, கார்சோம்புக்குப் பாதி.

ஆறாம் இடம்: வேகம்

ஐவரில் இயல்பாக வேகமானவர் கார்சோம்ப். அவரும் தாங்குவதற்காகப் பயிற்சி பெற்றவர். எதிராளி பலம் கூட்டிப் பாயத் தொடங்கினால் முந்தி அடிக்க ஆள் வேண்டும். அந்த வேகக் காவல் வீவைல். இருளும் பனியும் சேர்ந்த அதன் அடிப்படை வேகம் 125. பனி அடி லாண்டரஸுக்கும் கார்சோம்புக்கும் நான்கு மடங்கு. ‘ஐஸ் ஷார்டு’ வேகத்தைப் பார்க்காமல் முதலில் விழும் மூவ். பலம் கூட்டிய டிராகன்களுக்கு அது எமன். ‘நாக் ஆஃப்’ எதிராளியின் கையிலுள்ள பொருளைத் தட்டிவிடும். லெஃப்ட்ஓவர்ஸை இழந்த சுவர் அதன்பின் சுவராக நீடிப்பது கடினம்.

வீவைல் எதிராளியின் அடியை வாங்கி நிற்கக்கூடியவர் அல்ல. சண்டை வகைக்கு நான்கு மடங்கு பலவீனம். பாறை, நெருப்பு, எஃகு, பூச்சி, தேவதை ஆகியவற்றுக்கு இரு மடங்கு. ஆகவே அடி விழும் சுற்றில் அதை உள்ளே மாற்றக் கூடாது. ரோட்டத்தின் வோல்ட் ஸ்விட்ச் வழியாகவோ, ஓர் உறுப்பினர் வீழ்ந்த பிறகோ கொண்டுவர வேண்டும்.

வகைக் கணக்கைச் சரிபார்த்தல்

ஆறு இடங்களும் நிரம்பியதும், அணியின் ஒவ்வொரு பலவீனத்துக்கும் எதிரே அதைத் தாங்குபவரை எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு வகைக்கு மூவர் பலவீனமாக இருந்து தாங்குபவர் எவரும் இல்லையென்றால், அணியைத் திரும்பத் தொடங்குவதே நேரத்தை மிச்சப்படுத்தும். இந்த அணிக்கான கணக்கு:

• நிலம்: பலவீனம் சாரிஸார்டு. படாதவர் ஸ்கார்மரி, ரோட்டம்.
• பாறை: பலவீனம் சாரிஸார்டு, வீவைல். தாங்குபவர் கார்சோம்ப்.
• டிராகன்: பலவீனம் சாரிஸார்டு, கார்சோம்ப். படாதவர் கிளெஃபேபிள், தாங்குபவர் ஸ்கார்மரி.
• நெருப்பு: பலவீனம் ஸ்கார்மரி, வீவைல். தாங்குபவர் சாரிஸார்டு, கார்சோம்ப், ரோட்டம்.
• மின்சாரம்: பலவீனம் ஸ்கார்மரி. படாதவர் கார்சோம்ப், தாங்குபவர் சாரிஸார்டு.
• பனி: பலவீனம் கார்சோம்ப், நான்கு மடங்கு. தாங்குபவர் ரோட்டம், வீவைல்.
• தேவதை: பலவீனம் கார்சோம்ப், வீவைல். தாங்குபவர் ஸ்கார்மரி.
• சண்டை: பலவீனம் வீவைல், நான்கு மடங்கு. தாங்குபவர் கிளெஃபேபிள்.
• புல்: பலவீனம் ரோட்டம். தாங்குபவர் சாரிஸார்டு, ஸ்கார்மரி.
• பூச்சி: பலவீனம் வீவைல். தாங்குபவர் சாரிஸார்டு, ஸ்கார்மரி, கிளெஃபேபிள்.
• எஃகு: பலவீனம் கிளெஃபேபிள், வீவைல். தாங்குபவர் சாரிஸார்டு, ஸ்கார்மரி, ரோட்டம்.
• விஷம்: பலவீனம் கிளெஃபேபிள். படாதவர் ஸ்கார்மரி, தாங்குபவர் கார்சோம்ப்.

பாறை, தேவதை, சண்டை ஆகிய மூன்றுக்கும் தாங்குபவர் ஒருவர் மட்டுமே. எதிரணியில் அந்த வகைகளில் வலுவானவர் இருந்தால், அந்த ஒருவரை ஆட்டத்தின் இறுதிவரை காப்பாற்றியாக வேண்டும். ஆட்டத்துக்கு முன் எதிரணியின் ஆறு முகங்களைப் பார்க்கக் கிடைக்கும் சிறு நேரத்தில் எடுக்க வேண்டிய முதல் முடிவு இதுதான்.

ஈவி பகிர்வும் வேகக் கோடுகளும்

ஈவி புள்ளிகளைப் பழக்கத்தின் பேரில் பிரிக்கக் கூடாது. ஒவ்வொரு புள்ளிக்கும் காரணம் இருக்க வேண்டும். சாரிஸார்டை எடுத்துக்கொண்டால், தாக்குதலுக்கு 252, வேகத்துக்கு 252 கொடுத்த பின் மிஞ்சும் ஆறு புள்ளிகளில் நான்குதான் பயன்படும். அவற்றை உயிரில் போடுவது பலரது வழக்கம். இங்கே அது தவறு. உயிருக்கு ஈவி இல்லாத சாரிஸார்டின் உயிர் 297. ஸ்டெல்த் ராக்கின் பாதி இழப்பு, பின்னம் தள்ளப்பட்டு, 148. மெகா ஆவதற்கு முன் இரண்டு முறை உள்ளே வந்தாலும் ஓர் உயிர்ப்புள்ளி மிஞ்சும். நான்கு ஈவி சேர்த்தால் உயிர் 298 ஆகி, இழப்பு 149 ஆகிறது. இரண்டாம் முறை கால் வைக்கும்போதே வீழ்ந்துவிடும். எனவே அந்த நான்கும் சிறப்புத் தற்காப்புக்குப் போக வேண்டும்.

தாங்குபவர்களிடம் கணக்கு வேறு. ரோட்டத்தின் உயிருக்கு 252 கொடுத்தால் 304 வரும். அது பதினாறால் மீதியின்றி வகுபடுவதால், லெஃப்ட்ஓவர்ஸ் ஒவ்வொரு சுற்றிலும் முழுதாக 19 தரும்.

வேகத்தில் முக்கியமானது யாரை முந்த வேண்டும் என்ற கேள்வி. முழு வேகப் பயிற்சியும், வேகம் கூட்டும் நேச்சரும் உள்ளபோது வீவைலின் வேகம் 383. அதே நிலையில் லாட்டியோஸ் 350, கெல்டியோ 346, கார்சோம்ப் 333. மூவரையும் வீவைல் முந்தும்.

சாரிஸார்டுக்குத் தாக்குதல் கூட்டும் ‘அடமன்ட்’ நேச்சர் கொடுத்தால் வேகம் 299. ஒரு முறை டிராகன் டான்ஸ் ஆடினால் 448. மெகா அலகாஸாமின் உச்ச வேகம் 438. அதையும் சாரிஸார்டு கடக்கிறது. ஆனால் வேகம் கூட்டும் ‘ஜாலி’ நேச்சரும் சாய்ஸ் ஸ்கார்ஃபும் கொண்ட லாண்டரஸின் வேகம் 463. அடமன்ட் சாரிஸார்டு அதற்குப் பின்னால்தான் வரும். ஜாலி நேச்சர் கொடுத்தால் சாரிஸார்டின் வேகம் டான்ஸுக்குப் பின் 492 ஆகி, லாண்டரஸை முந்தும். விலையாகத் தாக்குதலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும். இந்த அணியில் லாண்டரஸை எதிர்கொள்ள ரோட்டமும் வீவைலும் இருப்பதால் அடமன்ட் பொருந்தும். அவர்கள் இல்லாத அணியில் ஜாலிதான் பாதுகாப்பு. நேச்சர்கூட மற்ற ஐவரைப் பார்த்தே முடிவாகிறது.

பரிசோதனையும் திருத்தமும்

காகிதத்தில் சரியாக இருக்கும் அணி களத்தில் வேறு முகம் காட்டும். போக்கிமான் ஷோடவுன் போன்ற இணையக் களத்தில் அணியை உடனே ஆடிப்பார்க்கலாம். தோல்விகளை மட்டும் குறித்துவைத்து, ஒவ்வொன்றுக்கும் காரணத்தை மூன்றில் ஒன்றாக வகைப்படுத்துவது நல்ல பழக்கம்: ஆடியதில் பிழை, தற்செயல், அணியில் ஓட்டை. முதல் இரண்டுக்காக அணியை மாற்றக் கூடாது. ஒரே எதிராளியிடம் திரும்பத் திரும்பச் சிக்குவதே ஓட்டையின் அடையாளம்.

இந்த அணியில் அப்படித் தெரியவருபவர் கெல்டியோ. நீரும் சண்டையும் சேர்ந்த அதன் அடிப்படைச் சிறப்புத் தாக்குதல் 129. நீர் அடியை ரோட்டம் தாங்கும். சண்டை அடியைத் தாங்காது. சண்டை அடியை கிளெஃபேபிள் தாங்கும். நீர் அடியைத் தாங்காது. போதாக்குறைக்கு அதன் ‘சீக்ரெட் ஸ்வோர்டு’ சிறப்புவகை மூவாக இருந்தும் எதிராளியின் தற்காப்பு அளவையைத்தான் சோதிக்கும். ஆகவே கெல்டியோ வரும் ஒவ்வொரு முறையும் எந்த மூவ் விழும் என்று ஊகித்தே மாற வேண்டியிருக்கிறது.

இங்கே கவுண்டர், செக் என்ற இரு சொற்களின் வேறுபாடு தெளிவாக வேண்டும். எதிராளி எந்த மூவைப் போட்டாலும் தாங்கி உள்ளே வந்து வெல்லக்கூடியவர் கவுண்டர். அடி வாங்காமல் களத்துக்கு வந்துவிட்டால் மட்டும் வெல்லக்கூடியவர் செக். இந்த அணியில் கெல்டியோவுக்குக் கவுண்டர் கிடையாது. எல்லா எதிராளிக்கும் கவுண்டர் வைக்க ஆறு இடங்கள் போதாது. பெரும்பாலோருக்குச் செக் இருந்தால் போதும். ஆனால் அடிக்கடி எதிர்ப்படும் ஒருவருக்குக் கவுண்டர் இல்லாதது உண்மையான ஓட்டை.

திருத்தம் ஒன்று உண்டு. வீவைலின் இடத்தில் லாட்டியோஸை வைத்தால், அது நீரையும் சண்டையையும் பாதியாக வாங்கும். டிஃபாக் வேலையையும் அது ஏற்றுக்கொள்ளும். ஸ்கார்மரிக்கு ‘ஸ்பைக்ஸ்’ கண்ணியை வைக்க ஒரு மூவ் இடம் கிடைக்கும். விலை என்னவென்றால், டிராகனுக்குப் பலவீனமானவர் மூவர் ஆவர். பனிக்கு இருவர் ஆவர். ஐஸ் ஷார்டு தந்த பாதுகாப்பும் போய்விடும். கெல்டியோ அதிகம் உலவும் காலத்தில் இந்த மாற்றம் தகும். பலம் கூட்டும் டிராகன்கள் அதிகம் உலவும் காலத்தில் பழைய அமைப்பே தகும். மாற்றத்தை ஒரு நேரத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால்தான் அதன் பலனை அளக்க முடியும். இரண்டு பேரை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்பது தெரியாமலே போகும்.

மற்ற ஆட்ட முறைகளில்

அதிகாரபூர்வமான விஜிசி போட்டிகள் இரட்டைப் போட்டிகள். ஆறு பேரைக் கொண்டுசென்று, எதிரணியைப் பார்த்தபின் நால்வரைத் தேர்ந்து, 50ஆம் நிலையில் ஆட வேண்டும். ஒரே போக்கிமானோ ஒரே பொருளோ இருமுறை வரக் கூடாது. ஆட்டம் சில சுற்றுகளிலேயே முடிந்துவிடுவதால் ஸ்டெல்த் ராக்கின் மதிப்பு குறையும். அந்த இடத்தை வேகத்தை ஆளும் ‘டெய்ல்விண்ட்’, ‘ட்ரிக் ரூம்’ போன்ற மூவ்களும், ஒரு சுற்று தப்பிக்க உதவும் ‘ப்ரொடெக்ட்’டும் பிடித்துக்கொள்ளும். ஆறு பேரிலிருந்து எந்த நால்வரை எடுத்தாலும் ஒரு முழுத் திட்டம் உருவாக வேண்டும் என்பதே அங்கே சமநிலையின் பொருள்.

2022இல் வந்த ஸ்கார்லெட், வயலெட் விளையாட்டுகளின் ‘டெராஸ்டல்’ முறையில், ஓர் ஆட்டத்தில் ஒரு போக்கிமான் தன் வகையை மாற்றிக்கொள்ளலாம். எதிராளியும் அதைச் செய்வார் என்பதால், ஒரு வகைக்கு ஒரே ஒரு தாங்குபவர் என்ற கணக்கு அங்கே போதாது. தேவையான வகைகளுக்கு இருவர் வேண்டும்.

அணியை உறுதி செய்யும் முன்

1. ஆட்டம் எப்படி முடியும் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா?
2. அந்த வெற்றி வழியைத் தடுப்பவர் ஒவ்வொருவரையும் அகற்ற ஆள் இருக்கிறதா?
3. முதல் வழி அடைபட்டால் இரண்டாம் வழி உண்டா?
4. உடல்வகை, சிறப்புவகை இரண்டுக்கும் சுவர் உண்டா? அவர்களால் உயிரை மீட்டுக்கொள்ள முடியுமா?
5. கண்ணி வைப்பவர், அகற்றுபவர் இருவரும் உள்ளனரா? அவர்களுக்குள் முரண் இருந்தால் வரிசைமுறை தெளிவா?
6. ஒவ்வொரு பலவீனத்துக்கும் தாங்குபவர் ஒருவராவது உண்டா?
7. பலம் கூட்டி வரும் எதிராளியை முந்தி அடிக்கவோ வெளியே தள்ளவோ முடியுமா?
8. ஒவ்வொரு ஈவி புள்ளிக்கும், ஒவ்வொரு பொருளுக்கும் காரணம் சொல்ல முடிகிறதா?
9. ஆறு பேரில் எவரை நீக்கினாலும் அணியில் ஒரு வேலை நின்றுபோகிறதா?

ஒன்பதாவது கேள்விக்கு ‘இல்லை’ என்ற பதில் எந்த உறுப்பினருக்கு வருகிறதோ, அவர் இடமே அடுத்து மாற்றிப் பார்க்க வேண்டிய இடம்.